தீய மரபணு என ஒன்று உண்டா?



பரிணாமத்தைப் பற்றியும் மரபியலைப் பற்றியும் உங்களுக்குப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னைக் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். ஒவ்வொன்றும் ஓராண்டுக்குப் பாடமாக வைக்கத்தக்க பெருந்துறை. இங்கே கரும்பலகை இல்லை, சுண்ணக்கட்டி இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து, சொன்னது விளங்கிற்றா என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பும் இல்லை. ஆகவே, கொள்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக அக்கொள்கைகளைக் காட்ட முயல்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்குமானால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சிறிது கணக்கு வரும். அஞ்ச வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் மரபு நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அரிவாள் அணுச் சோகை என்ற நோயைக் குறிப்பிட்டேன். பிறவியிலேயே வருவது, இரத்தச் செவ்வணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும், உடம்பெல்லாம் வலி, முன்னாளில் இந்நோயுடன் பிறந்த குழந்தைகளிற் பலர் வாலிபத்தை எட்டியதே இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இதற்குக் காரணம் ஒரு தீய மரபணு, இத்தகைய தீய மரபணுக்களை இயற்கைத் தேர்வு மெல்ல மெல்லக் களைந்துவிடும்" என்றும் சொல்லி வைத்தேன்.

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவன் என் அறைக்கு வந்தான். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். அதிகம் பேசாதவன். "ஐயா, அந்தத் தீய மரபணு என் அண்ணனிடம் இருக்கிறது என்று பரிசோதனையில் சொன்னார்கள். எங்கள் ஊரில் பலருக்கும் இருக்கிறது. இயற்கை அதைக் களைந்துவிடும் என்றால், இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஏன் களையவில்லை? எங்கள் மக்களின் இரத்தமே கெட்ட இரத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?" என்று கேட்டான்.

எனக்கு முகம் சிவந்தது. விடை எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும், வகுப்பில் எளிமை கருதி ஒரு தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன். "தம்பி, உட்கார்" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இன்று கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரெனடா என்னும் தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஓர் இளைஞருடைய இரத்தத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய செவ்வணுக்களுக்கிடையே நீண்டு வளைந்த, பிறைபோன்ற அணுக்கள் காணப்பட்டன என்பது அதன் செய்தி. காரணம் ஒருவருக்கும் புலப்படவில்லை. 1949-இல்தான் இருவேறு திசைகளிலிருந்து ஒளி பிறந்தது. ஜேம்ஸ் நீல் என்பவர், நோயுற்ற குழந்தைகளின் தாய் தந்தையர் இருவருமே அந்த மரபணுவை ஒவ்வொரு படி சுமக்கிறார்கள் என்று காட்டினார். அதே ஆண்டில் லைனஸ் பாலிங் என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும், நோயாளியின் ஹீமோகுளோபினும் மற்றவர்களின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு விதமாக நகர்கின்றன என்று கண்டார்கள். பெற்றோரின் இரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. மூலக்கூறு ஒன்றின் கோளாறே ஒரு நோய்க்கு மூலம் என்பது முதன்முதலாகத் தெளிவாயிற்று.

அந்த வேறுபாடுதான் என்ன? 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அதைக் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டும். நோயாளியிடத்தில் அது வேலின் என்ற மற்றோர் அமிலமாக இருக்கிறது. மற்ற 145 மணிகளிலும் யாதொரு மாற்றமும் இல்லை. டி.என்.ஏ. என்னும் மரபு நூலில் பார்த்தாலோ, ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்களுள் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்துவிட்டது. ஏடெழுதுவோன் ஒரு சுழியை விட்டுவிட்டால் பாட்டின் பொருளே மாறிப்போவதை நம் புலவர்கள் பாடபேதம் என்பார்கள் அல்லவா? அது போன்றதே இதுவும்.

இவ்வளவு சிறிய பிழைக்கு அவ்வளவு பெரிய துன்பமா என்று கேட்கலாம். குளூட்டாமிக் அமிலம் நீரை விரும்புவது. வேலின் நீரை வெறுப்பது. செவ்வணு ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வேலின் இருக்கும் அந்தப் பிசுபிசுப்பான இடம் அடுத்த மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. அது அதற்கடுத்ததோடு ஒட்டுகிறது. ஒரு செவ்வணுவுக்குள் ஏறத்தாழ இருபத்தேழு கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. அவை புரிபுரியாகத் திரண்டு கயிறாகி உள்ளிருந்து அணுவை நெம்பி, அரிவாளாக வளைத்துவிடுகின்றன. வளைந்த அணு விறைத்துப்போகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி வழியை அடைக்கிறது. அடைபட்ட இடத்தில் தாங்கொணா வலி உண்டாகிறது. சாதாரணமாக 120 நாட்கள் வாழும் செவ்வணு, இங்கே பத்து முதல் இருபது நாட்களுக்குள் அழிந்துபோகிறது. சோகை வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் ஒவ்வொருவரும் இந்த மரபணுவில் இரண்டு படிகளைப் பெற்றிருக்கிறோம். ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இரண்டு படிகளிலும் பிழை இருந்தால்தான் நோய். ஒன்றில் மட்டும் பிழை இருப்பவர் பெரும்பாலும் எல்லாரையும் போல் நலமாகவே வாழ்கிறார். அவரைச் சுமப்பவர் என்போம். மாணவனின் அண்ணன் அத்தகையவர்தான்.

இனி டார்வினிடம் போவோம். 1859-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதன் சாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். உயிர்கள் தம்முள் சிறிது சிறிது வேறுபடுகின்றன. பிறப்பன அனைத்தும் பிழைப்பதில்லை. சூழலுக்கு இசைந்த வேறுபாட்டை உடையவை அதிகமாகப் பிழைத்து அதிகமாக ஈனுகின்றன. ஆகவே அவ்வேறுபாடு தலைமுறைதோறும் பெருகுகிறது. இதுவே இயற்கைத் தேர்வு. நூல் வெளிவந்த எட்டாண்டுகளில், 1867-இல், ஜென்கின் என்னும் பொறியியல் பேராசிரியர் ஒரு தடையை எழுப்பினார். குழந்தை தாய் தந்தையர் இருவருடைய இயல்பின் கலவை என்றுதானே அக்காலத்தில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்? அப்படியானால், ஒருவனுக்கு மட்டும் வந்த நல்ல வேறுபாடு அவன் மக்களிடத்தில் பாதியாகும், பேரரிடத்தில் காலாகும். ஒரு குடம் தண்ணீரில் விட்ட ஒரு கரண்டிப் பாலைப்போலச் சில தலைமுறைகளில் இருந்த இடம் தெரியாமல் போகும். பிறகு இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? தடை வலியது. டார்வினிடம் சரியான விடை இல்லை.

விடை வேறொரு மூலையில் அப்போதே இருந்தது. பிரூன் நகரத்து மடத்தில் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கணக்கெடுத்து, 1866-இல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். மரபுக் கூறுகள் பாலும் நீரும் போலக் கலப்பதில்லை என்பதே அவர் கண்டது. வெள்ளைச் சோளத்தில் ஒரு பிடி செஞ்சோளத்தைக் கொட்டிக் கலக்குங்கள். குவியல் முழுவதும் கலந்துவிட்டது போல் தோன்றும். எனினும், ஒவ்வொரு மணியும் தன் நிறத்தோடுதான் இருக்கிறது. நூறு முறை கலக்கினாலும் செம்மணி வெளிறிப் போவதில்லை. மரபணுவும் அப்படித்தான். மெண்டலின் கட்டுரையை உலகம் முப்பத்துநான்கு ஆண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை. 1900-இல் மூவர் தனித்தனியே அவர் கண்டதை மீண்டும் கண்டார்கள். டார்வின் அதற்கு முன்பே, 1882-இல், மறைந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். பெரியோர்கள் சந்தித்தால் வானிலையைப் பற்றிப் பேசுவதும் உண்டு.

நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். செவ்வணுவைக் கெடுக்கும் மரபணு, இரு படி பெற்ற குழந்தைகளை எல்லாம் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. அவர்களோடு மரபணுவும் மடிகிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் இதைச் சுமக்கிறார்கள். நீலகிரியில் 1952-ஆம் ஆண்டுவாக்கில் லேமன், கட்புஷ் என்ற இருவர் இரத்தம் சோதித்து, அங்குள்ள பழங்குடி மக்களிடையே இது இருப்பதை உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே இருக்கும் கிணறு வற்றவில்லை என்றால், வேறு பக்கத்தில் ஊற்று இருக்க வேண்டும் அன்றோ?

அந்த ஊற்றைக் கண்டவர் ஆண்டனி ஆலிசன். கென்யாவில் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1949-இல் கென்யாவில் பல இனத்தாரின் இரத்தத்தைச் சேகரித்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் சுமப்பவர்கள் மிகுதியாக இருப்பதையும், உயர்ந்த வறண்ட மேட்டு நிலங்களில் அரிதாக இருப்பதையும் கண்டார். கரையோரங்களில் கொசு உண்டு, மலேரியா உண்டு. மேட்டு நிலத்தில் இல்லை. இந்த ஒற்றுமை அவர் மனத்தில் தைத்தது. பிறகு உகாண்டாவில் 290 சிறு குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். அவர்களுள் ஒரு படி சுமந்தோர் 43 பேர்; அவர்களில் 12 பேரிடம் மட்டுமே மலேரியாக் கிருமி இருந்தது. சுமவாதோர் 247 பேர். அவர்களில் 113 பேரிடம் கிருமி இருந்தது. நூற்றுக்கு 28 எங்கே, 46 எங்கே? வளர்ந்த தொண்டர்கள் முப்பதுபேருக்குக் கிருமியை ஏற்றியும் பார்த்தார். சுமவாதோர் பதினைவரில் பதினால்வருக்கு மலேரியா பற்றியது. சுமப்போர் பதினைவரில் இருவருக்கே பற்றியது. இத்தகைய சோதனையை இன்று செய்ய எந்த அறநெறிக் குழுவும் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால்சிபாரம் என்ற கொடிய மலேரியாக் கிருமி செவ்வணுவுக்குள் புகுந்தே வளர்கிறது. சுமப்பவருடைய அணுவில் புகுந்தால், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த அணு வளைந்துகொள்கிறது. கிருமியின் வளர்ச்சி தடைப்படுகிறது. வளைந்த அணுவை மண்ணீரல் பிடித்து அழிக்கும்போது உள்ளிருக்கும் கிருமியும் அழிகிறது. வீட்டுக்காரன் வீட்டைத் தானே இடித்துத் திருடனைப் புதைப்பது போன்ற உபாயம்.

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியா மிகுந்த ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். அவ்வூரின் மரபணுக் குவியலில் பத்து மணிக்கு ஒன்று செஞ்சோளம், அதாவது பிழையுள்ள படி, ஒன்பது வெள்ளை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணிகளை எடுக்கிறது. இரண்டும் செம்மணியாக அமைவது பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் வருவது; நூற்றில் ஒன்று. இரண்டும் வெண்மணியாக அமைவது நூற்றில் 81. மீதி 18 பேருக்கு ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஆக, நூறு குழந்தைகளில் 81, 18, 1. எழுதிக்கொண்டீர்களா?

செம்மணி இரண்டையும் பெற்ற அந்த ஒரு குழந்தை சோகையால் இறந்துபோகிறது. வெண்மணி இரண்டைப் பெற்ற 81 பேருக்கு மலேரியாவிலிருந்து காப்பு இல்லை. ஒன்பதில் ஒருவர், அதாவது 9 பேர், காய்ச்சலில் மடிகிறார்கள் என்று கொள்வோம். 72 பேர் எஞ்சுகிறார்கள். சுமப்பவர் 18 பேரும் பிழைக்கிறார்கள். வளர்ந்து மணம்புரிவோர் 72-உம் 18-உம் சேர்ந்து 90 பேர். அவர்களிடம் உள்ள மணிகள் 180. அவற்றுள் செம்மணி எத்தனை? பதினெட்டு. 180-இல் 18 என்பது பத்தில் ஒன்று!

தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். அடுத்த தலைமுறையிலும் இதுவேதான் நிகழும், அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒருபுறம் சோகை செம்மணியைக் களைகிறது. மறுபுறம் மலேரியா வெண்மணியைக் களைகிறது. தராசு நிலையாக நிற்கிறது. இயற்கை ஏன் களையவில்லை என்ற கேள்விக்கு இதுவே விடை. அது களைந்துகொண்டுதான் இருக்கிறது, இரு கைகளாலும்.

இன்னொன்றும் பாருங்கள். அவ்வூரில் இழந்த குழந்தைகள் 9-உம் 1-உம் சேர்ந்து பத்து. செம்மணியே இல்லாத அண்டை ஊரில் நூறு பேருக்கும் காப்பு இல்லை. ஒன்பதில் ஒருவர் என்றால் பதினொரு பேர் மடிவார்கள். பத்து எங்கே, பதினொன்று எங்கே? அப்படியானால் எந்த ஊரின் இரத்தம் கெட்டது? இதை நான் தாளில் போட்டுக் காட்டியபோது மாணவன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த ஒரு குழந்தைக்கு இதனால் என்ன பயன் ஐயா?" என்றான். ஒன்றும் இல்லை. இயற்கைத் தேர்வு ஊரின் நன்மையை எண்ணிக் கணக்குப் போட்டதும் இல்லை; அந்தக் குழந்தையின் துன்பத்தை எண்ணி இரங்கியதும் இல்லை. அதற்கு மனம் இல்லை. விளைவு மட்டும் உண்டு.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை அகற்றிவிட வேண்டும். மலேரியாவிலிருந்து தப்ப வேண்டும் என்ற தேவையால் மரபணு மாறியது என்று எண்ணாதீர்கள். எழுத்துப் பிழை தற்செயலாக நேர்ந்தது. மலேரியா இல்லாத ஊரிலும் நேர்ந்திருக்கும். அங்கே அது தங்கியிராது. தக்கது பிழைக்கும் என்ற தொடரும் நம்மை மயக்குவது. அது ஸ்பென்சர் 1864-இல் படைத்த தொடர். தக்கது என்றால் சிறந்தது என்று பொருள் அல்ல. அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அதிக மக்களை விட்டுச் செல்வது என்பதே பொருள். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படிக்கிறோமே, அவையும் மரபணுவின் நெற்றியில் எழுதிவைத்த பட்டங்கள் அல்ல. நோயைக் கொண்டு பார்த்தால் இந்த மரபணு ஒடுங்குவது. ஹீமோகுளோபினைக் கொண்டு பார்த்தால் இரண்டும் சமமாக வெளிப்படுகின்றன. மலேரியாவைக் கொண்டு பார்த்தாலோ, ஒரு படி உடையவரே மற்ற இரு சாராரையும் விஞ்சுகிறார்.

மலேரியாவுக்கு மனித இனம் கண்ட விடை இது ஒன்றுதான் என்றும் எண்ண வேண்டாம். மத்தியதரைக் கடல் நாடுகளில் தலசீமியா, தென்கிழக்கு ஆசியாவிலும் நம் நாட்டின் வடகிழக்கிலும் ஹீமோகுளோபின் 'ஈ', மேற்கு ஆப்பிரிக்காவில் ஹீமோகுளோபின் 'சி' என்று பல உண்டு. தலசீமியாவைச் சுமப்பவருக்கு மலேரியாவிலிருந்து காப்பு இருக்கக்கூடும் என்று ஆலிசனுக்கு முன்பே, 1949-இல் அச்சான தம் கட்டுரையில், ஊகித்துச் சொன்னவர் ஹால்டேன். அவர் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். கிருமியும் சும்மா இருக்கவில்லை. அரிவாள் மரபணுவின் காப்பை ஏய்க்கவல்ல கிருமி வகைகள் காம்பியாவிலும் கென்யாவிலும் இருப்பது 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் தெரியவந்தது. பரிணாமம் என்றோ முடிந்துபோன பழங்கதை அன்று.

மீண்டும் பென்சில். நம் ஊரில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பல இடங்களில் நோய் வெகுவாகக் குறைந்தது. இப்போது 81 பேரும் பிழைக்கிறார்கள். 18 பேரும் பிழைக்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் மடிகிறது. 99 பேர், 198 மணிகள், செம்மணி 18. அதாவது பதினொன்றில் ஒன்று. அடுத்த தலைமுறையில் பன்னிரண்டில் ஒன்று. அதற்கடுத்து பதின்மூன்றில் ஒன்று. இருபதில் ஒன்றாகப் பாதி குறைவதற்குப் பத்துத் தலைமுறைகள் ஆகும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு வீதம் 250 ஆண்டுகள். நூறில் ஒன்றாகக் குறைவதற்குத் தொண்ணூறு தலைமுறைகள், 2250 ஆண்டுகள்! அப்போதும் மறைந்துவிடாது. பதினாயிரம் பேரில் ஒருவருக்கே நோய் இருக்கும். ஆனால் 198 பேர் அதைச் சுமந்துகொண்டிருப்பார்கள். நோயாளிகளுக்குள் அன்று, நலமாக இருப்பவர்களுக்குள்ளேதான் மரபணு ஒளிந்திருக்கிறது. நோயாளிகள் எல்லாரும் மடிவதாகக் கொண்டு போட்ட கணக்கு இது; மருத்துவத்தால் அவர்கள் வாழும்போது குறைவது இன்னும் மெதுவாகும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் உலகம் பட்ட பாடு கொஞ்சமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறையுள்ளவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்துவிட்டால் இனம் மேம்படும் என்று கற்றறிந்தோரே பேசினார்கள். 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் அதற்குச் சட்டமே செய்தது. அது கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, இத்தகைய ஒடுங்கு நோய்களில் அதனால் ஆவது ஒன்றும் இல்லை என்பதை நாம் இப்போது பென்சிலால் கண்டோம். சுமப்பவர்களையும் சேர்த்துத் தடுப்போம் என்று ஒருவர் துணியலாம். ஏதேனும் ஒரு நோய்க்கு உரிய ஒடுங்கு மரபணு சிலவற்றையாவது சுமக்காத மனிதர் பெரும்பாலும் இல்லை. என்னிடமும் இருக்கும், நிலையத்தாரிடமும் இருக்கும்.

நோயின் மூலக்கூற்றைக் கண்டறிந்த பாலிங்கே, 1968-இல் ஒரு சட்ட இதழில் எழுதியபோது, இந்த மரபணுவைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்தலாம் என்றார். சுமக்கும் இருவர் ஒருவரையொருவர் கண்டு விலகிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. நோக்கம் இரக்கம்தான். ஆனால் நெற்றியில் அடையாளம் இட்டு மனிதரைப் பிரிப்பது எதில் போய் முடியும் என்பதை நம் நாட்டாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்காமல் இருந்தார்கள். அறிஞர்களின் கண்டுபிடிப்பை வணங்குவோம். அவர்களுடைய ஆலோசனையை மட்டும் தட்டிப்பார்த்து எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் 2023 ஜூலை முதல் நாள், அரிவாள் அணுச் சோகையை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் மத்தியப் பிரதேசத்தில் ஷாதோல் என்ற ஊரில் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாடு உட்படப் பதினேழு மாநிலங்களில் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடி பேரைச் சோதிப்பது என்று குறிக்கோள் வகுத்தார்கள். சோதனைக்கு ஒரு துளி இரத்தம் போதும்; முடிவை அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த அட்டை எதற்கு என்பதில்தான் தெளிவு வேண்டும். சுமப்பவரும் சுமவாதவரும் மணந்தால் அவர்களுக்கு நோயுள்ள குழந்தை பிறக்காது. சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடம் உண்டு. அவர்கள் மணக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெரிந்து மணந்தால், கருவுற்ற முதற்சில மாதங்களுக்குள்ளேயே மருத்துவரை அணுகிச் சோதித்துக்கொள்ளலாம். குழந்தை நோயுடன் பிறந்தாலும் முதல் நாளிலிருந்தே பேணலாம். ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை வலியின் கடுமையைப் பெரிதும் குறைக்கிறது. மரபணுவையே வெட்டித் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இன் இறுதியில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் இசைவளித்தன. அதன் விலையோ ஏழைக்கு எட்டாதது.

அந்த மாணவன் மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தான். அண்ணனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தயங்காமல் பெண்ணின் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டார்களாம். அவளிடம் அந்த மரபணு இல்லை. விடுதியில் உட்கார்ந்து அவனே கணக்குப் போட்டு ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தான். "நான்கு குழந்தைகள் பிறந்தால் இருவர் சுமப்பார்கள், இருவர் சுமக்கமாட்டார்கள். சரியா ஐயா?" என்றான். அதில் ஒரு திருத்தம் செய்தேன். நான்கையும் சேர்த்து எண்ணக்கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பாதிக்குப் பாதி. நால்வரும் சுமக்கலாம், ஒருவர்கூடச் சுமக்காமலும் போகலாம், முதற்குழந்தைக்கு என்ன வந்தது என்பது இரண்டாவதற்குத் தெரியாது. அவன் தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் பதினாறு கட்டங்கள் வரையத் தொடங்கினான்.